ஹிர்ஷ் விடுதியின் அடுப்பு

கொறற்றிக்கு ஆல்ட்டன்றோட் ஊராட்சி அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது, அவளுடைய தகப்பன் யூட் இரண்டு கிழமை அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஜேர்மனியில் எத்தனையோ ஆயிரம் ஊர்கள் கிடக்க, இவள் ஏன் அந்த ஊருக்குப் போகவேண்டும் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

"வேற இடமே கிடைக்கேல்லையோ பிள்ளை?" என்று மூன்றாம் கிழமை தொலைபேசியில் கேட்டார்.

"இருபத்தாறு இடத்துக்கு எழுதினனான் அப்பா. கூப்பிட்டது இவையள் மட்டுந்தான்."

"அங்கை உன்னை ஆரும் அடையாளம் கண்டால்?"

"அப்ப எனக்கு எட்டு வயசு. இப்ப முப்பது. ஆர் காணப்போகினம்?"

அது 2008. ஆல்ட்டன்றோட் டோர்ட்மண்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். மலைச்சரிவில் நாலாயிரம் பேர், ஒரு மர ஆலை, ஒரு கத்தோலிக்கத் தேவாலயம், இரண்டு வெதுப்பகம். கொறற்றியின் வேலை பிறப்பும் திருமணமும் இறப்பும் பதிவது. பழைய பதிவேடுகள் கொக்கியும் வளையுமான பழைய ஜேர்மன் கையெழுத்தில் இருந்ததால், வாரம் ஒரு வகுப்புக்குப் போய் அதையும் வாசிக்கப் பழகிக்கொண்டாள். கணவன் புவனேந்திரனின் பெயர்தான் அவளுக்கும் குடும்பப் பெயர். அதை முழுதாக உச்சரிக்க அலுவலகத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. 'ஃபிறவ் புவன்', அதாவது திருமதி புவன், என்று சுருக்கிவிட்டார்கள். அந்தச் சுருக்கம் அவளுக்கு வசதியாகவே இருந்தது. யூட் என்பவரின் மகள் என்று அதில் எங்கும் எழுதியில்லை.

அவள் ஒளித்த விஷயம் இதுதான்.

1985 இலையுதிர் காலத்தில் இலங்கையின் பாசையூரிலிருந்து யூட்டும் மனைவி மக்டலீனும் ஏழு வயதுக் கொறற்றியும் கிழக்கு பேர்லினில் வந்திறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் கடந்து, அகதி விண்ணப்பம் கொடுத்தார்கள். அரசாங்கம் அவர்களை ஆல்ட்டன்றோடுக்கு அனுப்பியது. அங்கே 'ஹிர்ஷ்' என்று ஒரு பழைய விடுதி, வியாபாரம் படுத்துப் பூட்டிக் கிடந்தது. அதன் மேல்மாடி அறைகளில் முப்பத்தொரு தமிழரைக் குடியேற்றினார்கள். கீழே பெரிய மண்டபம். அதில் ஊரின் பித்தளை வாத்தியக் குழு தன் கருவிகளை வைத்துப் பயிற்சி செய்துவந்தது. பின்கட்டில் சமையலறை. எல்லாக் குடும்பத்துக்கும் அந்த ஒரு சமையலறைதான்.

1986 பெப்ரவரி பதினொன்று கொறற்றியின் எட்டாவது பிறந்தநாள். யூட்டுக்குச் சமையலில் கை தேர்ச்சி. மகளுக்காக அன்று பின்னேரம் அறுபது கட்லற் பொரித்து, தட்டில் அடுக்கி, மேலே கொண்டுபோனார். பிள்ளைகள் பாட்டுப் பாடி முடித்து, ஆளுக்கு இரண்டாவது கட்லற்றைக் கையில் எடுத்த நேரம் படிக்கட்டால் புகை ஏறி வந்தது. எல்லாரும் பனிக்குள் ஓடினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் மண்டபமும் கூரையும் மிஞ்சவில்லை. வாத்தியக் குழுவின் நாற்பது வருடக் கருவிகள் உருகிப் போயின. தமிழர்களின் கடவுச்சீட்டு, சான்றிதழ், கல்யாணப் படம் எல்லாம் சாம்பல்.

பொலிஸ்காரர் ஒருவர், தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, யூட்டிடம் கேட்டார்: அடுப்பை நிறுத்தினீர்களா? நிறுத்தினேன் என்றார் யூட். மூன்றாம் நாள் பேருந்து வந்து எல்லாரையும் ஏற்றி வெவ்வேறு ஊர்களில் இறக்கிவிட்டது. யூட் குடும்பம் டோர்ட்மண்டுக்குப் போனது.

அதற்குப் பிறகுதான் அந்த மனிதருக்குச் சந்தேகம் பிடித்தது. நிறுத்தினேனா? இல்லை, தட்டைத் தூக்கும் அவசரத்தில் விட்டுவிட்டேனா? முதல் வருடம் 'நிப்பாட்டினனான்' என்றவர், பத்தாம் வருடம் 'நிப்பாட்டினனான் எண்டுதான் நினைக்கிறன்' என்றார். இருபதாம் வருடம் ஒன்றும் சொல்வதில்லை. இருபத்தொன்பது வருடம் இரும்பு வார்ப்பு ஆலையில் உருகிய இரும்புக்கு முன்னால் பயமில்லாமல் நின்றவர், வீட்டில் ஒரு தேநீருக்குக்கூட அடுப்பைத் தொடவில்லை. தேவாலயத்துக்குப் புறப்பட்டால் பாதி வழியில் திரும்பி வந்து, மக்டலீன் நிறுத்திய அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். 2019இல் மக்டலீன் கண்ணை மூடியபிறகு அவருடைய சாப்பாடு வயோதிபர்களுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் வண்டியில் வந்தது.

கொறற்றிக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. பொரித்தது தன் பிறந்தநாளுக்கு அல்லவா? அவள் பிறகு ஒருபோதும் பிறந்தநாள் கொண்டாடியதில்லை. கேட்பவர்களிடம் பெப்ரவரி குளிர் பிடிக்காது என்று சொல்லிவைப்பாள்.

ஆல்ட்டன்றோடில் ஹிர்ஷ் இருந்த இடம் இப்போது வாகனத் தரிப்பிடம். ஆனால் கதை தரையோடு போகவில்லை. ஒவ்வொரு கார்னிவலுக்கும் யாராவது ஒருவர், இலங்கைக்காரர் எண்ணெய்ச் சட்டியை மறந்ததால் வாத்தியக் குழு ஊமையான கதையைச் சொல்வார். கொறற்றி கையில் கோப்பியோடு மற்றவர்களோடு சேர்ந்து மெல்லச் சிரித்துவைப்பாள். பதினாறு வருடம் அப்படியே ஓடியது. கீழ்மாடிக் களஞ்சியத்தில் ஹிர்ஷ் பற்றிய கோப்பு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். எந்த அலுமாரி, எத்தனையாம் தட்டு என்பதுகூடத் தெரியும். தொட்டதில்லை. திறந்தால் தகப்பனின் பெயரும் அதற்குக் கீழே ஒரு தீர்ப்பும் இருக்கும் என்று பயந்தாள்.

2024 ஜனவரியில் கனடாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

ஒன்ராறியோ மாகாணத்தில் வெண்டலின் என்று ஒரு டவுன்ஷிப். ஐந்தாறு சிற்றூரும் இருநூறு பண்ணையும் சேர்ந்த ஒரு நாட்டுப்புற ஊராட்சி. 1854இல் ஆல்ட்டன்றோடிலிருந்து கப்பலேறிய நாற்பத்துமூன்று பேர் அங்கே போய்க் காடு வெட்டிக் குடியேறியிருந்தார்கள். இப்போது அந்த டவுன்ஷிப் தன் வரலாற்றை ஒரு புத்தகமாகப் போடப்போகிறது. அதைத் தொகுக்கும் மார்லின் ஷ்னைடர் என்ற பெண், அந்த நாற்பத்துமூன்று பேர் ஏன் புறப்பட்டார்கள் என்று கேட்டு எழுதியிருந்தாள்.

"உங்கள் சொந்தக்காரர் எல்லாம் கனடாவில்தானே. இதை நீங்களே பாருங்கள்" என்று மேலதிகாரி மின்னஞ்சலைக் கொறற்றிக்குத் தள்ளிவிட்டார். அவளுடைய இரண்டு மச்சாள்மார் ஸ்காபரோவில் இருந்தார்கள். வெண்டலின் எங்கே என்று அவர்களுக்கும் தெரியாது.

பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்ததால் கொறற்றிக்கு அது சிரமமாக இருக்கவில்லை. உருளைக்கிழங்கு மூன்று வருடம் அழுகிப்போனதையும், ஊர்ச் சபையே கூடி, ஏழைக் குடும்பங்களுக்குத் தருமச் சோறு போடுவதைவிடக் கப்பல் கட்டணம் கொடுத்து அனுப்பிவிடுவது நல்லது என்று முடிவெடுத்ததையும் கண்டுபிடித்து எழுதினாள். மார்லின் நெகிழ்ந்துபோனாள். தன் முப்பாட்டனைக் கனவு துரத்தி வந்த மனிதர் என்று வீட்டில் சொல்லி வளர்த்தார்களாம். ஊர் தள்ளிவிட்ட மனிதர் என்று இப்போதுதான் தெரிகிறதாம். பதிலுக்குத் தன் புத்தகத்தின் வரைவை அனுப்பினாள்.

கொறற்றி அதை ரயிலில் போகவர வாசித்தாள். முதல் அத்தியாயம் ஜேர்மன்காரரைப் பற்றியதல்ல. ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழ்ந்த ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்களைப் பற்றியது. ஒரு ஒப்பந்தத் தாளின் பேரால் அந்த நிலம் அவர்கள் கையை விட்டுப் போன விதத்தைப் பற்றியது. அடுத்தது, தெற்கே எல்லைக்கு அப்பால் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து முதலில் காடு வெட்டிய கறுப்பினக் குடும்பங்கள். அரசாங்கம் காணியை அளந்து விற்றபோது காசில்லாமல் அவர்கள் கலைந்துபோனார்கள். பிறகு ஸ்கொட்லாந்துக்காரர், ஐரிஷ்காரர், ஆல்ட்டன்றோட்காரர், போருக்குப் பின்பு வந்த ஒல்லாந்தர், ஒவ்வொரு கோடையும் தக்காளி பறிக்க வரும் மெக்சிக்கர். கடைசியாக, பெற்றோல் நிலையத்தை வாங்கி ஐந்து வருடமாக நடத்தும் ஒரு குடும்பம், அம்பிகா என்ற பெண்ணும் அவளுடைய இரண்டு அண்ணன்மாரும். வந்து ஐந்தே வருடமான ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அந்த ஊரின் வரலாற்றில் நாலு பக்கம். கொறற்றி இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

கனடாக்காரர் செய்வதைப் பார்த்து ஆல்ட்டன்றோடுக்கும் ஆசை வந்தது. ஊர் வரலாற்றுச் சங்கத் தலைவர் எவர்ஸ், ஓய்வுபெற்ற நில அளவையாளர், அறுபது வயது கடந்தவர், ஊர் வரலாற்றை எழுதத் தொடங்கினார். இரண்டு ஊரும் வரைவுகளை மாற்றி வாசிப்பது என்று ஏற்பாடு. அலுவலகத்தில் ஆங்கிலம் சரளமாக வருவது கொறற்றிக்குத்தான். ஆகையால் மொழிபெயர்ப்பு அவள் தலையில் விழுந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, எண்பத்தேழாம் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தது. '1986இல் ஹிர்ஷ் விடுதி, அங்கு தங்கவைக்கப்பட்ட தமிழ் அகதிகளின் சமையல் கவனயீனத்தால் எரிந்து சாம்பலானது.' முப்பத்தொரு பேரைப் பற்றி அந்தப் புத்தகத்தில் இருந்தது அந்த ஒரு வரி மட்டுமே.

அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னாளில் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. கை தன்பாட்டில் எழுதியது என்றாள்.

நாலு நாளில் மார்லினின் பதில் வந்தது. பாராட்டெல்லாம் முடிந்தபின் ஒரு பந்தி:

'எண்பத்தேழாம் பக்கத்துக்கு ஆதாரம் என்ன? எங்கள் ஊரில் 1871இல் மாவு ஆலை எரிந்தது. ஐரிஷ்காரர் வைத்த தீ என்று நாங்கள் நூறு வருடம் அச்சடித்தோம். பிறகு ஆலைக்காரர் தன் தம்பிக்கு எழுதிய கடிதம் அகப்பட்டது. அரைகல் சூடேறித் தீப்பொறி பறந்ததை அவரே பார்த்திருக்கிறார். வாயைத் திறக்கவில்லை. அந்த ஐரிஷ் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விதி. தாள் இல்லாமல் எந்தச் சமூகத்தின் மேலும் பழி எழுதுவதில்லை.'

எவர்ஸ் அதை வாசித்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். "ஊருக்கே தெரிந்த விஷயம். நானே அன்றைக்குத் தீயணைப்புக் குழுவில் தண்ணீர்க் குழாய் பிடித்தவன். பரவாயில்லை, கீழே கோப்பு இருக்கும். எடுத்துப் பாருங்கள் ஃபிறவ் புவன். பக்க எண்ணைக் குறித்தால் அந்த அம்மாவுக்குத் திருப்தி."

மறுநாள் காலை தேநீர் குடிக்கும்போது அவள் புவனேந்திரனிடம் சொன்னாள். அவன் நகரப் பேருந்து ஓட்டுபவன், எதையும் நிதானமாகக் கேட்பவன்.

"எனக்கு ஏலாது. வேற ஆரையும் விட்டு எடுப்பிக்கட்டோ?"

"எடுப்பிச்சால் அவன் வாசிச்சு முழு ஊருக்கும் சொல்லுவான். நீர் முதல் வாசியும்."

"அப்பாதான் எண்டு எழுதியிருந்தால்?"

"இருந்தால் என்ன? பிள்ளைக்குக் கட்லற் பொரிச்ச மனுசனைத் தூக்கிலை போடப்போகினமோ? தெரியாமல் இருந்து செத்துக்கொண்டிருக்கிறதைவிடத் தெரிஞ்சு அழலாம்."

பதினொரு மணிக்குக் கொறற்றி கீழே போனாள். களஞ்சியம் காகிதமும் ஈரச் சீமெந்தும் மணத்தது. கோப்பு அவள் நினைத்த தட்டிலேயே இருந்தது. மேலே முப்பத்தொரு பேரின் பட்டியல். அவளுடைய பெயரை 'கோரட்டி' என்று எழுதி, ஆண் என்று குறித்திருந்தார்கள். கீழே போர்வைகளுக்கான விண்ணப்பம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம், மீன் மணம் பற்றி அயலவர் கொடுத்த முறைப்பாடு. அதற்கும் கீழே, காப்புறுதிக்காக ஒரு தீ நிபுணர் எழுதிய அறிக்கை. திகதி 1986 ஜூன் பத்தொன்பது. பேருந்து அவர்களை ஏற்றிப்போய் நாலு மாதம் கழிந்தபின் வந்த அறிக்கை.

தீ தொடங்கிய இடம், மண்டபத்து மேடைக்குப் பின்சுவர். காரணம், சுவருக்குள் முறையின்றி இணைத்த மின்கம்பி. சமையலறைக்குத் தீ கடைசியாகவே பரவியது. 'சமையலறை மின்னடுப்பு பரிசோதிக்கப்பட்டது. ஐந்து சுவிட்சுகளும் பூச்சிய நிலையில் காணப்பட்டன. அடுப்புக்கும் தீ ஏற்பட்டதற்கும் தொடர்பில்லை.'

அறிக்கையோடு ஊர்ச் சபையின் மூடிய கூட்டக் குறிப்பு ஒன்று குத்தியிருந்தது. மண்டபத்து மின்வேலையை வாத்தியக் குழுவினர் தாங்களே இலவசமாகச் செய்தவர்கள். நல்ல மனதோடு உழைத்தவர்களைச் சங்கடப்படுத்தக்கூடாது. காப்புறுதி நிறுவனம் பணம் தர ஒப்புக்கொண்டுவிட்டது. ஆகவே பொதுவில் அறிவிக்கத் தேவையில்லை. யார் மேலாவது பழி போடுவோம் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஏற்கெனவே விழுந்திருந்த பழியை அகற்றுவோம் என்றும் இல்லை.

கொறற்றி அந்த வரியை நாலு தரம் வாசித்தாள். ஐந்து சுவிட்சுகளும் பூச்சிய நிலையில். ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. பசி வந்தது. அப்படியொரு பசி. மேலே போய்த் தன் பையிலிருந்த பாணையும் பக்கத்து மேசைக்காரி நீட்டிய கேக்கையும் நின்ற நிலையில் சாப்பிட்டு முடித்தாள்.

மத்தியானம் எவர்ஸ் வந்தார். அவள் அறிக்கை, கூட்டக் குறிப்பு, பெயர்ப் பட்டியல் மூன்றின் பிரதியையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டி வாசித்தார். வாசித்து முடித்து, முதற்பக்கத்துக்குத் திரும்பி மறுபடி வாசித்தார்.

"இது எனக்குத் தெரியாது" என்றார். "சத்தியமாகத் தெரியாது. முப்பத்தெட்டு வருடம் இந்தக் கதையைச் சொல்லி ஆட்களைச் சிரிக்கவைத்திருக்கிறேன்."

"தெரியும். நானும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்." அவள் பட்டியலில் விரலை வைத்தாள். "இந்தக் கோரட்டி நான்தான். பையன் இல்லை. அன்றைக்குச் சமைத்தவர் என் அப்பா."

எவர்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். கையை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் மேசையில் வைத்துக்கொண்டார். கடைசியில், "அவர் இருக்கிறாரா?" என்று கேட்டார்.

"இருக்கிறார். டோர்ட்மண்டில்."

"அப்படியென்றால் முதலில் அவரிடம் போங்கள். புத்தகம் எங்கும் ஓடாது." பேனாவை எடுத்து எண்பத்தேழாம் பக்கத்து வாக்கியத்தின் மேல் குறுக்காகக் கோடிழுத்தார். "மின்வேலை செய்தவர்கள் பெயரைப் போடமாட்டேன். இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் நடந்ததை எழுதுவேன். அந்த அத்தியாயத்தை நீங்கள் எழுதித் தருவீர்களா?"

"எழுதுறன்" என்று தமிழில் சொல்லிவிட்டாள். பிறகு ஜேர்மன் மொழியில் திருப்பிச் சொன்னாள். ஒரு விநாடி இருவரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை அவள் டோர்ட்மண்டுக்குப் போனாள். யூட் சாளரத்தருகில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். எழுபத்துநாலு வயதில் தோள்கள் இன்னும் வார்ப்பாலைக்காரரின் தோள்கள்தான்.

"அப்பா, நான் ஹிர்ஷ் கோப்பைத் திறந்து பாத்தனான்."

அவர் வானொலியை நிறுத்தினார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "என்னத்துக்கு இப்ப அது?"

"அடுப்பு நிப்பாட்டித்தான் இருந்திருக்கு. அஞ்சு சுவிச்சும் பூச்சியத்திலை. தீ தொடங்கினது மண்டபத்துச் சுவருக்குள்ளை. வயர் பிழை."

"ஆர் சொன்னது?"

"அவையளின்ர ஆள்தான். தீயைப் பரிசோதிச்ச நிபுணர். எண்பத்தாறிலையே எழுதிக் குடுத்திருக்கிறார். எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"வாசிச்சுக் காட்டு."

அவள் ஜேர்மன் மொழியில் வாசித்தாள், பிறகு தமிழில் சொன்னாள். "திருப்பி வாசி" என்றார். வாசித்தாள். ஐந்து சுவிட்சு என்ற இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். வலக்கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காற்றில் எதையோ திருகினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. அந்தக் கை செய்ததை அந்தக் கையிடமே கேட்பதுபோல இருந்தது.

"அம்மா சொன்னவள்" என்றார். "நீங்கள் நிப்பாட்டினனீங்கள், நான் கண்டனான் எண்டு. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லுறாள் எண்டு நான் நம்பேல்லை." அதற்குப் பிறகு அவர் அழுதார். நெடுநேரம் இல்லை. கொறற்றி முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ரகுநாதன்ர நம்பர் உன்னட்டை இருக்கோ?"

ரகுநாதன் ஹிர்ஷில் பக்கத்து அறைக்காரர். பொறியியல் பட்டதாரி. அவருடைய சான்றிதழ்கள் அந்தத் தீயில் போயின. அதனால் கடைசிவரை எசன் நகரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினார். கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ யூட்டைக் கண்டால் மறுபக்கம் போய்விடுவார். அவர் வாழ்க்கையை எரித்தது நான்தான் என்று யூட் அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டார்.

கொறற்றி இரண்டு பேரிடம் விசாரித்து எண்ணை எடுத்து, தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள்.

"ரகுநாதன் அண்ணை, நான் யூட் கதைக்கிறன். ஹிர்ஷ் யூட்."

மறுபக்கத்திலிருந்து, "சொல்லும்."

யூட் சொன்னார். அடுப்பு, சுவிட்சு, மேடைக்குப் பின்சுவர், வயர். மேடை என்றதும் ரகுநாதன் இடைமறித்தார்.

"மேடைக்குப் பின்னாலையோ? வயரோ? வடிவாத் தெரியுமோ?"

"ஓம் அண்ணை. தாள் கையிலை கிடக்குது."

"சிகரெட் எண்டு ஒண்டும் இல்லையோ?"

யூட்டுக்கு விளங்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"நான் அண்டைக்கு மேடைக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டு சிகரெட் பத்தினனான்" என்றார் ரகுநாதன். "கட்டையை அங்கைதான் போட்டனான். எல்லாரும் உம்மிலை பழி போட்டாங்கள். நான் வாய் திறக்கேல்லை. நாட்டைவிட்டு அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம். அதுக்குப் பிறகு உம்மட முகத்தைப் பாக்க எனக்கு ஏலாமல் போச்சுது."

யூட் கதிரையில் சாய்ந்தார். பிறகு வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. கொறற்றி அந்தச் சத்தத்தைச் சிறு பிள்ளையாக இருந்தபோது கேட்டிருந்தாள். மறுபக்கத்திலும் சிரிப்பும் விக்கலும் கலந்து கேட்டது.

"முப்பத்தெட்டு வருசம் அண்ணை" என்றார் யூட். "ரெண்டு பேரும் ஒரு வயருக்காக."

"மன்னிச்சுக்கொள்ளும் யூட்."

"என்னத்தை மன்னிக்க? சிகரெட்டும் இல்லை, அடுப்பும் இல்லை. நாளைக்கு என்ன செய்யிறீங்கள்?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப வாங்கோ. ரயிலிலை அரை மணித்தியாலம். நான் ஸ்டேசனிலை வந்து நிக்கிறன்."

ரகுநாதன் எத்தனை மணி ரயில் என்று கேட்டார். நேரம் பார்க்கக் கண்ணாடியைத் தேடிய யூட்டுக்கு அதை எங்கே வைத்தார் என்று நினைவில்லை. கொறற்றி தன் தொலைபேசியில் நேர அட்டவணையைத் தேடி, பத்து இருபதுக்கு ஒன்று இருக்கிறது என்று சொன்னாள்.